பன்னிரண்டாம் நம்பர் பிளேடும் என் மாமனாரும்

என் மாமனார் இறந்தது ஒரு பிப்ரவரி மாதம், நுரையீரல் கோளாறில். அதே வருடம் நவம்பரில், கல்லறைத் திருநாள் அன்று, ஃபாதர் முதல் பக்கத்துக் கல்லறைக்காரர்கள் வரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவரை இன்னொரு முறை நான் சாகடித்தேன். இதை இதுவரை பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. (சொல்லத் தேவையும் இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கிற ஃபாதர் அன்று அங்கேயேதான் நின்றிருந்தார்.)

அவர் பெயர் சவரிமுத்து. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில் வீடு. அவருக்கு என்னைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. என் கைகளைத்தான் பிடிக்காது. கல்யாணமான புதிதில் அவர் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடித்தேன். மறுவாரம் போனால் அதே காலண்டர் நாலு விரல் தள்ளி, வேறொரு ஆணியில் தொங்குகிறது. பழைய ஓட்டையில் சுண்ணாம்பு பூசியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினோரு வருடத்தில் நான் அவர் வீட்டில் அடித்த ஆணிகள் எல்லாவற்றுக்கும் இதே கதி. பேசித் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சுண்ணாம்புக்கு என்ன பதில் சொல்வது?

அவர் போன இரண்டாவது மாதம், மணலிப் பக்கம் நான் சூப்பர்வைசராக இருந்த கன்டெய்னர் யார்டை மூடிவிட்டார்கள். என் மனைவி ஸ்டெல்லா அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவள் டியூட்டிக்குப் போவாள், நான் திருவொற்றியூர் ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, லாரிகள் போவதை எண்ணிக்கொண்டிருப்பேன். முதல் மாதம் எல்லாரும் துக்கம் விசாரித்தார்கள். இரண்டாம் மாதம் ஆலோசனை சொன்னார்கள். மூன்றாம் மாதம் என்னைப் பார்த்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

அந்த மூன்றாம் மாதத்தில்தான் ஸ்க்ரோல் சா என்ற இயந்திரத்தை வாங்கினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தையல் மிஷின் மாதிரிதான் இருக்கும். ஊசிக்குப் பதில் மெல்லிய ரம்பப் பிளேடு ஒன்று மேலும் கீழும் ஓடும். பிளேடு இருந்த இடத்திலேயே இருக்கும், மரத்தைத்தான் நாம் திருப்ப வேண்டும். பூ, கிளி, வட்டம், எழுத்து, எதை வேண்டுமானாலும் வெட்டலாம் என்று வீடியோவில் ஒருவர் சிரித்தபடியே வெட்டிக் காட்டினார். அந்தச் சிரிப்பை நம்பி வாங்கிவிட்டேன். பெயர்ப் பலகை செய்து விற்பதாகத் திட்டம். நாலு மாதம் அது அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மண் இறுகி ஒரு வருடம் ஆன பிறகுதான் கல்லறைக்குக் கல் பதிப்பது என்பதால், அதுவரை ஒரு மரச் சிலுவையும், அதில் பெயர் எழுதின தகரமும் மட்டும் வைத்திருந்தோம். கடற்காற்றும் மழையும் சேர்ந்து தகரத்தைத் தின்றுவிட்டன. பெயர் போய் வெறும் துரு நின்றது.

"கல்லறைத் திருநாளுக்கு ஊரே வரும். இந்தத் தம்மாத்தூண்டு தகரத்தோட அவரு நிக்கக் கூடாது," என்றார் அத்தை, அதாவது என் மாமியார் ஆக்னஸ். "பெயின்டர் யாரையாச்சும் கூட்டிக்கினு வா," என்று மகன் ரெக்ஸிடம் சொன்னார். ரெக்ஸ் என் மச்சான், டேங்கர் லாரி டிரைவர்.

நான் வாயைத் திறந்தேன். (என் வாழ்க்கையின் பெரும்பாலான விபத்துகள் இப்படித்தான் ஆரம்பிக்கும்.)

"பெயின்டர் எதுக்கு அத்தை? நான் மரத்துலயே வெட்டித் தரேன். வட்டமா ஒரு பலகை, அதுமேல எழுத்தெல்லாம் தனித்தனியா வெட்டி ஒட்டி. என்கிட்ட மிஷின் இருக்கு."

சுவரில் சுண்ணாம்புத் திட்டுகள் என்னைப் பார்த்தன. ஸ்டெல்லாதான் மெதுவாக, "ஸ்டிக்கர் போதும்ங்க. எழுத்து நல்லா தெரியும்," என்றாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் ஏழு மாதமாக வேலையில்லாதவனுக்கு யார் எதைச் சொன்னாலும் வேறு மாதிரித்தான் கேட்கும்.

அத்தை எழுந்து உள்ளே போனார். மாமனார் தினமும் துறைமுகத்துக்குத் தூக்கிப் போன தேக்குப் பெட்டி கட்டிலடியில் இருந்தது. அதன் மூடியை, கீல் ஆணிகளைத் தாமே கழற்றி, எடுத்துவந்து என் மடியில் வைத்தார். முக்கால் அங்குலக் கனத் தேக்கு. மாமனார் கை பட்டுப் பட்டு ஒரு ஓரம் மட்டும் வழுவழுப்பாகக் கறுத்திருந்தது.

"இதுல பண்ணுங்க மாப்ள. அவரு மரத்துலயே அவரு பேரு இருக்கட்டும்."

இருந்தது அந்த ஒரு மூடிதான். அது கெட்டால் வேறு மூடி கிடையாது. அப்போதாவது நான் பெயின்டரைக் கூப்பிடச் சொல்லியிருக்க வேண்டும்.

பிளேடு வாங்கப் பாரிமுனைக்குப் போனேன். ஹார்டுவேர் கடையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்க்ரோல் சா பிளேடு வேணும்."

"இன்னா வெட்டப் போற? மரம் எவ்ளோ கனம்? வளைவு எவ்ளோ சின்னது?"

நல்ல கேள்விகள். பிளேடு வாங்குகிற எவனும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் அந்த இரண்டும்தான் என்பது இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அது இன்டர்வியூ மாதிரி இருந்தது. அந்த வருடம் போன இன்டர்வியூக்கள் எதுவும் நன்றாக முடியவில்லை.

"எனக்குத் தெரியும். நீங்க எடுத்துப் போடுங்க," என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மேஜைமேல் பாக்கெட்டுகளைப் பரப்பினார். "நம்பர் ஏற ஏற பிளேடு அகலம் ஏறும். கனமான மரத்துக்கு அகலம் வேணும். சின்ன வளைவுக்கு ஒல்லி வேணும், அகலமான பிளேடு திரும்பாது. ரெண்டும் வேணும்னா நடுவுல நிக்கணும். அஞ்சாம் நம்பரு எடுத்துக்கினு போ. வட்டமும் போவும், எழுத்தும் போவும்."

எனக்கு அஞ்சாம் நம்பர் அற்பமாகப் பட்டது. நூல் மாதிரி இருந்தது. தேக்கு மரம், அதுவும் விஞ்ச் ஓட்டினவரின் தேக்கு, இந்த நூலுக்கு அசையுமா? கறி வெட்டுகிற கத்தியையும் பழம் நறுக்குகிற கத்தியையும் மனதில் நிறுத்தி யோசித்து, இருப்பதிலேயே பெரிய பன்னிரண்டாம் நம்பரை எடுத்தேன். கூடவே, சுற்றிலும் பல் வைத்து முறுக்கின சுருள் பிளேடு ஒரு பாக்கெட். எல்லாப் பக்கமும் பல் இருந்தால் எல்லாப் பக்கமும் வெட்டும், மரத்தைத் திருப்பக்கூட வேண்டாம் என்பது என் ஆராய்ச்சி.

"சுருளா?" அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். "அது உன்ன அது இஷ்டத்துக்கு இட்டுக்கினு பூடும் சார்."

"பார்த்துக்கறேன்," என்றேன்.

மறுநாள் காலை ரெக்ஸ் உதவிக்கு வந்தான். பால்கனியில் மிஷினை வைத்தோம். அன்று மணலி எண்ணெய் ஆலைகளிலிருந்து வருகிற வாடை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் பன்னிரண்டு அங்குலத்துக்கு வட்டம் போட்டுக்கொண்டேன். சுவிட்சைப் போட்டதும் மூடி மேஜையை விட்டு எகிறி எகிறிக் குதித்தது. என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. கீழ் வீட்டு அம்மா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா மாமா, மரம் டான்ஸ் ஆடுது?" ரெக்ஸ் குனிந்து பிளேடைப் பார்த்தான். "பல்லு மேல பாத்துக்கினு கீது. தலகீழா மாட்டிக்கிறீங்க."

பல் கீழ்நோக்கி இருந்தால்தான் பிளேடு மரத்தை மேஜையோடு அழுத்தி அறுக்கும். இது பிளேடு பாக்கெட்டின்மேல் படமாகவே போட்டிருந்தது. நான் படத்தைப் படிக்கிறவன் இல்லை.

திருப்பி மாட்டினேன். இப்போது மரம் அறுபட்டது. பன்னிரண்டாம் நம்பர் தேக்குக்குள் ஜோராகப் போயிற்று, ஆனால் நேராகப் போயிற்று. வளைவு வரும்போது நான் மரத்தைத் திருப்பினால், பிளேடு தன் அகலத்தால் பிளவுக்குள் சிக்கிக்கொண்டு, திரும்ப மாட்டேன் என்றது. அழுத்தித் திருப்பினேன். மரம் கருகிப் புகை வந்தது. கொஞ்சம் நேராகப் போய், நின்று, பின்வாங்கி, மறுபடி நேராகப் போய், இப்படி ஒரு சுற்று முடித்தபோது அந்த வட்டத்துக்குப் பதினோரு மூலைகள் இருந்தன. ரெக்ஸ் எண்ணினான். வேண்டுமென்று இல்லை, அவனுக்கு எதையும் எண்ணும் பழக்கம்.

மூலைகளைச் சரிசெய்யச் சுருள் பிளேடை மாட்டினேன். கடைக்காரர் சொன்னபடியே நடந்தது. தேக்கின் ரேகை எங்கே போகிறதோ அங்கே அதுவும் போயிற்று. நான் போட்ட கோட்டை ஒரு மரியாதைக்குக்கூடத் தொடவில்லை. உள்ளே கடித்த இடத்துக்குச் சமமாக மற்ற இடங்களையும் உள்ளே வெட்ட, பன்னிரண்டு அங்குலம் பத்தாயிற்று. பத்து ஒன்பதாயிற்று. எட்டில் நிறுத்தினோம். நிறுத்தினது ரெக்ஸ்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

"மாமா, போதும். இன்னும் வெட்டுனா பட்டன்தான் மிஞ்சும்."

கையில் இருந்தது, கரண்டியில் மிச்சமிருந்த மாவைக் கடைசியாக ஊற்றின தோசையின் வடிவம். அவர் கை பட்டுக் கறுத்திருந்த அந்த வழுவழுப்பான ஓரத்தைத் தேடினேன். அது தரையில், மரத்தூளோடு, மூன்று துண்டாகக் கிடந்தது.

அன்றே பாரிமுனைக்குத் திரும்பிப் போய் அஞ்சாம் நம்பர் கேட்டிருக்கலாம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனால் ஏழு மாதமாக ஆள் ஆளாகப் போய் வேலை கேட்டுக்கொண்டே இருந்தவனுக்கு, இன்னும் ஒரு மேஜை முன்னால் நின்று, நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. இருந்த பிளேடை வைத்தே, மிஞ்சின தேக்குத் துண்டுகளில் எழுத்துகளை வெட்டினேன்.

தமிழை எழுதிப் பழகினவர்கள் அதை அறுத்துப் பார்க்க வேண்டும். எங்கே பார்த்தாலும் சுழி. 'வ'வுக்குள் ஒரு சுழி, 'மு'வுக்கு அடியில் ஒரு வால், 'ரி'க்குத் தலைக்கு மேல் ஒரு வளைந்த கொக்கி. "இங்கிலீஷ்ல வெட்டியிருந்தா பாதி எழுத்து நேர்க்கோடு மாமா," என்றான் ரெக்ஸ். "உங்கம்மாவுக்குத் தமிழ்தானே படிக்கத் தெரியும்?" என்றேன்.

பலகை எட்டு அங்குலமாகச் சுருங்கியதால் எழுத்துகளும் விரல் நீளத்துக்கும் குறைவாகச் சுருங்க வேண்டியதாயிற்று. அவ்வளவு சின்ன வளைவில் பன்னிரண்டாம் நம்பர் பிளேடு, சந்துக்குள் ரெக்ஸின் டேங்கர் லாரி நுழைந்த மாதிரி. 'த்'தின் புள்ளி வெட்டும்போதே எகிறி பால்கனிக்கு வெளியே போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு பித்தளைத் தலை ஆணியை வைத்தேன். 'ரி' கிட்டத்தட்ட முடிந்த நேரத்தில், அதன் கொக்கி கழுத்தோடு முறிந்தது. வெள்ளைப் பசையால் ஒட்டினேன். எல்லா எழுத்தையும் அதே பசையால் பலகையில் ஒட்டினேன். தண்ணீர் பட்டால் அந்தப் பசை இளகும் என்பது டப்பாவில் எழுதியிருந்தது. (அது படம்கூட இல்லை, எழுத்து.)

மாலையில் டியூட்டி முடிந்து வந்த ஸ்டெல்லா பலகையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினாள். பிறகு கீழே கிடந்த மூன்று கறுத்த துண்டுகளைப் பார்த்தாள். அவற்றைப் பொறுக்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, சோறு வைக்கப் போனாள். அவள் அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை.

கல்லறைத் திருநாள் சாயங்காலம் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கும் சாமந்தி, மெழுகுவத்தி, ஊதுவத்திப் புகை. பலகையைச் சிலுவையில் அடித்தோம். (ஆணி அடித்தது ரெக்ஸ்.) அத்தை புதுப் புடவையில் வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "நல்லாகீது மாப்ள," என்றார். அந்த ஒரு நிமிடம், ஏழு மாதத்தில் முதல் தடவையாக, எனக்கு மூச்சு சீராக வந்தது.

பிறகு தூறல் ஆரம்பித்தது. பெரிய மழை இல்லை. குடை பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கிற தூறல். ஆனால் அது நிற்கவில்லை. மெழுகுவத்திகளைக் கையால் மறைத்துக்கொண்டு நாங்கள் செபமாலை சொன்னோம். எல்லார் கண்ணும் மூடியிருந்தது.

ஃபாதர் வரிசை வரிசையாக வந்து, ஒவ்வொரு கல்லறைமுன் நின்று, பெயரைப் படித்து மந்திரித்து, தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிது, யாரையும் தெரியாது. எங்களிடம் வந்தார். மைக் வைத்திருந்தார்.

"ஆண்டவரே, உம் அடியார் சவ..."

நிறுத்தினார். குனிந்து மறுபடி பார்த்தார். பலகையில் இருந்ததைத்தான் அவர் படிக்க முடியும்.

"...சவமுத்து," என்றது காசிமேடு முழுக்க ஒலிபெருக்கி.

கண்ணைத் திறந்தேன். 'வ'வுக்கும் 'மு'வுக்கும் நடுவில், ஈரமான ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் இருந்தது.

பக்கத்துக் கல்லறையில் செபம் நின்றது. அதற்கடுத்த கல்லறையிலும் நின்றது. யாரோ ஒரு அம்மா, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "இன்னாடி பேரு இது, செத்தப்புறம் வெச்சதா?" என்று கேட்டது தெளிவாகக் கேட்டது. ஃபாதர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "அம்மா, பேரு..." என்றார்.

அத்தை பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஃபாதரிடம் திரும்பி, ரேஷன் கடையில் பதில் சொல்கிற குரலில் சொன்னார்: "சவரிமுத்து, சாமி. ரி கீழ விழுந்துடுச்சு."

ரெக்ஸ் ஏற்கெனவே முட்டி போட்டுச் சாமந்திக்குள் தேடிக்கொண்டிருந்தான். நானும் முட்டி போட்டேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடித்தார்கள். "ரி கெடச்சுதா?" "இந்தாண்ட பாருங்க, மாலைக்கு அடியில." நாலு குடும்பங்கள், தங்கள் சொந்த இறந்தவர்களை விட்டுவிட்டு, எங்கள் 'ரி'யைத் தேடின. ஃபாதர் காத்துக்கொண்டு நின்றார். ஒரு கட்டத்தில் அவரும் குனிந்தார்.

கிடைத்தது இரண்டு துண்டாக. கொக்கி தனி, உடம்பு தனி.

ஃபாதர் மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை பலகையைப் பார்க்காமல், "சவரிமுத்து" என்று அழுத்திச் சொன்னார். தீர்த்தம் தெளிக்கிற நேரம் வந்ததும் ரெக்ஸ் எழுந்துபோய், கைக்குட்டையை விரித்துப் பலகையை மூடிக்கொண்டான். ஃபாதர் புரிந்துகொண்டு கீழே மண்ணில் மட்டும் தெளித்தார். மாமனாருக்குத் தீர்த்தம் கிடைத்தது. அவர் பெயருக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் என்னால் அத்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இறங்கும்போது, "மன்னிச்சிடுங்க அத்தை. பிளேடு தப்பா வாங்கிட்டேன்," என்றேன். பதினோரு வருடத்தில் நான் அந்த வீட்டில் ஒத்துக்கொண்ட முதல் தப்பு.

அத்தை வாசற்படியில் திரும்பினார். "அவரு பேர அவ்ளோ பேரு சேந்து தேடுனாங்க, பாத்தீங்களா?" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் அழுகிற சத்தம் கேட்டது. இடையில் ஒரு தடவை வேறொரு சத்தமும் கேட்டது. அது சிரிப்பு என்று ஸ்டெல்லா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்த மாதம் பாரிமுனைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னை ஞாபகமே இல்லை. அதே இரண்டு கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை இரண்டுக்கும் பதில் சொன்னேன். அஞ்சாம் நம்பரைக் கொடுத்து, "டைட்டா மாட்டு, தட்டுனா டிங்குனு சத்தம் வரணும். பிளேடு கொஞ்சம் வலது பக்கம் இழுக்கும், அதுக்கேத்த மாதிரி மரத்த லேசா சாச்சிக் குடு. அவசரப்படாத," என்றார். வீட்டுக்கு வந்து ஒரு பிளைவுட் துண்டில் வெட்டினேன். பத்து நிமிடம். தட்டை மேலே வைத்துப் பார்த்தால் ஒரு மயிரிழை வித்தியாசமில்லை. அவ்வளவு அழகான வட்டம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வருடத்தில் எனக்கு மிகவும் மோசமான நாள் அதுதான், யார்டு மூடின நாளைவிட. இப்போது அந்த வட்டம் எங்கள் தண்ணீர் டிரம்முக்கு மூடி.

பிறகு வேறொரு யார்டில் வேலை கிடைத்தது. கல்லறைக்குக் கல் பதித்தோம், பெயரைக் கொத்தர் உளியால் வெட்டினார். ஆனால் அந்த எழுத்து மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது எதையாவது மறந்துவிட்டோமா என்று பார்க்க, சாவி, போன், பர்ஸ் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ரெக்ஸ், "ரி கீதா?" என்பான். அவன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது, மணமகன் தகப்பனார் பெயரை ஆறு பேர் விரல் வைத்துப் படித்தார்கள்.

போன மாதம் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். பச்சை அங்கி போட்டு, தலைக்குத் துணித் தொப்பி மாட்டி, நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். பயந்திருந்தார், காட்டிக்கொள்ளவில்லை. நான் பக்கத்தில் நின்று ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தேன். கணவர் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் என் கை நின்றதை எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை.

"மாப்ள, ரிய வுட்றாதீங்க."

"எழுதிட்டேன் அத்தை."

"குடுங்க, பாக்குறேன்."

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, ஒன்றில் மருந்து வேறு. ஒன்றும் தெரியாது. காகிதத்தை மடியில் வைத்து, மாமனார் பெயர் இருக்கும் இடம் எது என்று என்னைக் கேட்டு, அங்கே விரலை வைத்து மெதுவாகத் தடவினார். தடவி முடித்துத் தலையை ஆட்டினார். நர்ஸ் வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்வரை ஃபாரத்தைத் திருப்பித் தரவில்லை.